அட்டைப்பெட்டிச் சாற்றில் சைடர்

1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், வைன்லேண்ட் என்ற ஊரில், தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புட்டிகளில் அடைத்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த அவருக்கு மது ஆகாது. நற்கருணைச் சடங்குக்கோ திராட்சை ரசம் வேண்டும். பிழிந்த சாற்றை அப்படியே வைத்தால் ஓரிரு நாளில் தானாகப் பொங்கத் தொடங்கிவிடும். லூயி பாஸ்டர் சில ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒயினுக்காகக் கண்டுபிடித்திருந்த சூடாக்கும் முறையை வெல்ச் சாற்றுக்குத் திருப்பினார். ஈஸ்ட் செத்தது, சாறு சாறாகவே நின்றது. பேரங்காடி அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் இன்றைய பழச்சாறுகளின் வம்சாவளி அங்கிருந்து தொடங்குகிறது.

மதுவாகிவிடக் கூடாது என்பதற்காகவே பிறந்த அந்தப் பண்டத்தை வாங்கி வந்து, மறுபடி மதுவாக்கும் வேலையை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் ஏராளமானோர் வீட்டில் செய்கிறார்கள். ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்யும் மது சைடர். முறைப்படி அதைப் போட ஆப்பிள் மரங்கள் வேண்டும், பழத்தைத் துருவும் ஆலை வேண்டும், பிழியும் அழுத்தி வேண்டும். வீட்டு அழுத்தியில் ஒரு லிட்டர் சாறு எடுக்க ஏறத்தாழ இரண்டு கிலோ பழம் செலவாகும். கடைச் சாறு இந்தப் பாட்டையெல்லாம் ஒரே மூடித் திருகலில் முடித்து வைக்கிறது. அமெரிக்கக் கடைகளில் ஒரு கேலன் கண்ணாடிக் குடுவையிலேயே ஆப்பிள் சாறு விற்பதால், சாறு வந்த பாத்திரமே நொதிக்கும் பாத்திரமாகவும் ஆகிவிடுகிறது.

இப்படிப் பிறப்பது சைடர்தானா, சாராயம் கலந்தது போன்ற ஒரு ஜூஸா? பழத்தோட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். வீட்டில் போடுகிறவர்களோ கிளாஸை நீட்டி, குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வழக்கு எங்கே நிற்கிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சாற்றை நொதிக்க வைப்பது ஒரு வேலையே இல்லை. சாற்றிலிருந்து ஆலை எதை எடுத்துவிட்டது, நொதித்த பின் அதை எங்கே நிறுத்துவது என்ற இரண்டும்தான் கேள்விகள்.

முதலில் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் 100 முதல் 120 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ். குளுக்கோஸும் சுக்ரோஸும் மீதி. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் சுமார் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும் என்பது ஒயின்காரர்களின் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் கடைச் சாறு ஒன்றும் சேர்க்காமலே 6 சதவீதத்தைத் தொட்டுவிடும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் தொடக்கத்தில் 1.048 காட்டும், முடிவில் 1.000க்கு இறங்கும், சில சமயம் அதற்கும் கீழே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் 6.3 சதவீதம் வருகிறது. ஒரு நல்ல பீரைவிடச் சற்றுக் கூடுதல், ஒயினில் பாதி.

இந்த இயற்கை அளவு போதாதென்று கிலோக்கணக்கில் வெள்ளைச் சர்க்கரை கொட்டுகிறவர்கள் உண்டு. பலம் ஏறும், உண்மைதான். கூடவே வாசம் மெலிந்து, தொண்டையில் காரமாக இறங்கும் ஒரு திரவம் கிடைக்கும். சிக்கனக்காரர்களுக்கு அது லாபமாகத் தெரியலாம். சைடர் என்று பார்த்தால் நஷ்டம்.

கடையில் நிற்கும்போது பெட்டியின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கப் பொடி எழுத்துகள் முக்கியம். பொட்டாசியம் சார்பேட் அல்லது சோடியம் பென்சோயேட் என்ற பெயர் தென்பட்டால் அந்தச் சாற்றை அலமாரியிலேயே விட்டுவிட வேண்டும். இந்தியப் பெட்டிகளில் இவை 202, 211 என்ற எண்களாக ஒளிந்திருக்கும். சார்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருக விடுவதில்லை. போட்ட ஈஸ்ட் பெருகாமல் சோர்ந்துபோகும். வைட்டமின் சி என்கிற அஸ்கார்பிக் அமிலத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. சூடாக்கிப் பதப்படுத்தியது என்ற வரியைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை. சுவைக்காகக் கிரான்பெர்ரி சாறு கலக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அந்தப் பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இயற்கையாக இருக்கிறது. அளவு மீறினால் ஈஸ்ட் முரண்டு பிடிக்கும்.

பதப்படுத்திய சாறு இவ்வளவு பரவலானதற்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1996 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓட்வாலா நிறுவனம் சூடாக்காமல் விற்ற ஆப்பிள் சாற்றிலிருந்து ஈ. கோலை ஓ157 பாக்டீரியா அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பரவியது. 60க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கொலராடோவில் 16 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. 1998இல் அந்நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, பதப்படுத்தாத சாற்றுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது; 2001இல் கிருமிநீக்கத்துக்கான விரிவான விதிகள் வந்தன.

சைடர் போடுகிறவருக்கு இதில் ஒரு சாதகம் கிடைத்தது. பச்சைச் சாற்றில் பழத்தோலிலிருந்தும் அழுத்தியிலிருந்தும் வந்த காட்டு ஈஸ்ட்கள் பல வகை குடியிருக்கும். ஸ்பெயினின் ஆஸ்தூரியாஸ், பாஸ்க் பகுதிகளில் மரபாகச் சைடர் செய்கிறவர்கள் அவற்றை நம்பியே காலம் தள்ளியவர்கள். அவர்களுடைய சைடரின் கூர்மையான புளிப்புக்கும் தொழுவ வாசனைக்கும் அந்த நுண்ணுயிர்க் கூட்டமே காரணம். பதப்படுத்திய சாறோ ஆளில்லாத வீடு. போடுகிற ஈஸ்ட் எதுவோ அது மட்டுமே அங்கே குடியேறும். சிக்கலும் குறைவு, வியப்பும் குறைவு.

எந்த ஈஸ்ட் என்பதில் வாதம் ஓயாது. ஷாம்பெயின் ஈஸ்ட் என்று அழைக்கப்படும் ஈசி-1118 எதையும் தாங்கும், 18 சதவீத ஆல்கஹால் வரை ஓடும், சொட்டுச் சர்க்கரை மீதம் வைக்காது. ஆனால் ஆப்பிளின் மணத்தையும் அதிகம் மீதம் வைப்பதில்லை. 71பி என்ற வகை மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பைத் தணிக்கும், பழ வாசத்தை முன்னால் கொண்டுவரும். ஆங்கிலேய ஏல் பீருக்கான ஈஸ்ட்கள் அடியில் இறுகப் படியும், சைடரில் சற்று மென்மையை விட்டுவைக்கும். ரொட்டி ஈஸ்டிலும் சைடர் வரும்; எளிதில் தெளியாது, ரொட்டி வாசம் லேசாகத் தங்கும். 5 கிராம் ஒயின் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று 20 லிட்டருக்கே போதும் என்னும்போது அங்கே மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

செய்முறையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். சாற்றைத் தொடும் எல்லாவற்றையும் முதலில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். சாற்றில் ஒரு தம்ளரைக் குடித்துவிட்டால் நுரைக்கு இடம் கிடைக்கும். ஈஸ்டைத் தூவி, உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று நுழையாமலிருக்கவும் நீர்ப்பூட்டு பொருத்தி, 15 முதல் 20 பாகை வெப்பத்தில் இருட்டில் வைக்க வேண்டும். ஓரிரு நாளில் குமிழிகள் கிளம்பும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலைக் கலக்காமல் குழாய் வழியே வேறு குடுவைக்கு, கழுத்துவரை நிறையும்படி மாற்றி, மேலும் ஒன்றிரண்டு மாதம் தெளியவிட வேண்டும். காற்று தங்கினால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா புகுந்து காடியாக்கிவிடும்.

இடையில் ஒரு நாள் அறை முழுக்க அழுகிய முட்டை நாறலாம். ஆப்பிள் சாற்றில் ஈஸ்டுக்குத் தேவையான நைட்ரஜன் குறைவு. பசித்த ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது. டைஅம்மோனியம் பாஸ்பேட் கலந்த ஈஸ்ட் உணவை நொதித்தலின் தொடக்கத்தில் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த நாற்றம் வராது. வந்தாலும் பெரும்பாலும் தானே போய்விடும்.

மூன்று மாதம் காத்திருந்து முதல் கிளாஸை ஊற்றும் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. நிறமெல்லாம் அழகுதான். நாக்கில் வைத்தால் தண்ணீராக, வெறும் புளிப்பாக, ஒல்லியாக இருக்கிறது, ஆப்பிளைக் காணோம். இங்கேதான் ஆலை எடுத்துவிட்டது என்ன என்ற கேள்வி எழுகிறது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903இல் சைடர் ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பி.டி.பி. பார்க்கர் ஆப்பிள்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாற்றில் அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, டேனின் என்ற துவர்ப்புப் பொருள் 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்பதுதான் அளவுகோல். டாபினெட், யார்லிங்டன் மில் போன்றவை துவர்ப்பும் இனிப்பும் கொண்டவை. கிங்ஸ்டன் பிளாக்கில் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். இவற்றைப் பச்சையாகக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். நொதித்த பின் அந்தத் துவர்ப்பே சைடருக்கு உடம்பாகிறது. சர்க்கரை முழுதும் போன பிறகும் நாக்கில் நிற்கும் கனம் அதனால் வருவது.

கடைச் சாறு வேறு குலத்தது. காலா, ஃப்யூஜி, கோல்டன் டெலிஷியஸ் போன்ற மேசைப் பழங்களில் வடிவும் நிறமும் தேறாமல் கழிக்கப்பட்டவைதான் பெரும்பாலும் சாற்றாலைக்குப் போகின்றன. அவற்றில் துவர்ப்பு மிகக் குறைவு. தெளிந்த சாறு என்றால் பழத்தின் பசைப்பொருளான பெக்டினை நொதியால் சிதைத்து, வடிகட்டி எடுத்தது. அடர்சாற்றிலிருந்து மீட்டது என்றால், கொதிகலனில் நீரை ஆவியாக்கியபோது ஆவியோடு மணமும் பிரிந்து, தனியே பிடிக்கப்பட்டு, பிறகு ஒருவேளை திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் விற்கும் ஆப்பிள் சாற்றில் பெரும்பங்கு இறக்குமதியான அடர்சாற்றிலிருந்து வந்தது. சீனா நெடுங்காலம் அதன் முதன்மை வியாபாரியாக இருந்தது. இவ்வளவு தூரம் பயணித்த சாற்றிடம் பழத்தோட்டத்தின் நினைவை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஈடு செய்ய வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மலிவானது, ஒரு கேலனுக்கு ஒரு கோப்பை கெட்டியான கறுப்புத் தேயிலைச் சாயம், பால் சேர்க்காமல். தேயிலையின் துவர்ப்பு ஆப்பிளின் துவர்ப்புக்கு முழு மாற்றாகாது என்றாலும் நாக்கை ஏமாற்றும் அளவுக்கு உதவுகிறது. புளிப்பு போதாவிட்டால் மாலிக் அமிலப் பொடியைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பார்க்கலாம். காட்டு ஆப்பிள் கிடைக்கிற ஊர்களில் அதன் சாறு கொஞ்சம் கலந்தால் இரண்டு குறையும் ஒருசேரத் தீரும். கலங்கலான, அடர்சாறு வழி வராத சாறாகத் தேடி வாங்குவது இவை எல்லாவற்றுக்கும் முந்தைய புத்திசாலித்தனம்.

துவர்ப்பில்லாவிட்டால் சைடரே இல்லை என்று சாதிக்கும் பழத்தோட்டக்காரர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இங்கிலாந்தின் மேற்கே ஹியர்ஃபோர்டும் சாமர்செட்டும் துவர்ப்புப் பழத்தின் நாடு என்றால், கிழக்கே கென்ட், சஃபோக், நார்ஃபோக் பகுதிகள் மேசைப் பழத்திலும் சமையல் பழத்திலும் சைடர் செய்தவை. சஃபோக்கின் ஆஸ்பால் நிறுவனம் 1728 முதல் அந்த வழியில் நிற்கிறது. இளம் நிறம், மெல்லிய உடல், பளிச்சென்ற புளிப்பு என்பது அங்கே குறையாக எண்ணப்பட்டதில்லை. கடைச் சாற்றுச் சைடரை யாருடன் ஒப்பிடுவது என்றால் இவற்றுடன்தான்.

தூய்மையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 2010 முதல், சைடர் என்ற பெயரில் வரி கட்ட ஒரு பானத்தில் 35 சதவீதம் சாறு இருந்தால் போதும்; அதுவும் அடர்சாற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். மீதி சர்க்கரைப் பாகும் தண்ணீரும். மதுக்கடையில் பெரிய ஆலைகளின் சைடரை வாங்கிக் குடித்துவிட்டு, சமையலறையில் 100 சதவீதச் சாற்றில் செய்ததைப் போலி என்பது விசித்திரமான தீர்ப்பு.

இனி, நிறுத்தும் பிரச்சினை. வீட்டுச் சைடரில் கண்ணாடி தெறிக்கும் விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன.

பீர் மாவு தானியத்திலிருந்து வருவது. ஈஸ்ட் தின்னமுடியாத டெக்ஸ்ட்ரின்கள் அதில் மிஞ்சுவதால் முடிந்த பிறகும் ஒரு தடிப்பும் இனிப்பின் சாயலும் இருக்கும். ஆப்பிளின் சர்க்கரைகளோ எல்லாமே ஈஸ்டுக்கு இரை. விட்டுவிட்டால் இனிப்பே இல்லாத வறண்ட சைடர்தான் முடிவு. ஆனால் பெரும்பாலோர் விரும்புவது சிறிது இனிப்பும் நிறையக் குமிழியும் உள்ள சைடர். குமிழி வேண்டுமென்றால் புட்டிக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருக்க வேண்டும். உயிருள்ள ஈஸ்ட் இருந்தால் இனிப்பு தங்காது.

கணக்குப் போட்டால் ஆபத்து தெரியும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால், சைடரின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு பங்கு கரியமில வாயு உண்டாகும். ஏற்கெனவே கரைந்திருப்பதோடு, லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை சேர்த்து அடைத்தால் பீர் அளவுக்கு இதமான குமிழி. சாதாரண பீர் புட்டி அதைத் தாங்கும். நாக்குக்கு அரை இனிப்பாகப்பட லிட்டருக்கு 20 கிராமாவது வேண்டும். அந்த 20 கிராமும் மூடிய புட்டிக்குள் நொதித்தால் ஐந்து பங்குக்கு மேல் வாயு, ஷாம்பெயின் புட்டிக்குரிய அழுத்தம். பீர் புட்டி வெடித்துச் சில்லுகள் பறக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்ட் தூங்குமே தவிரச் சாகாது. ஊரில் மின்சாரம் போகும் ஒரு நாள் அது எழுந்துகொள்ளும்.

இந்த விஷயத்தில் மனிதர்களின் அனுபவம் பழையது. 1660களிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் சைடர் பற்றிய கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. ஜான் ஈவ்லின் 1664இல் தம் ‘சில்வா’ நூலோடு ‘பொமோனா’ என்ற சைடர் பகுதியைச் சேர்த்து வெளியிட்டார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலேயக் கனத்த கண்ணாடிப் புட்டிகள் அப்போதுதான் பரவின. சிறிது சர்க்கரை போட்டு அடைத்துக் குமிழி வரவைக்கும் பழக்கம், ஷாம்பெயின் பேர் பெறுவதற்கு முன்பே இங்கிலாந்தின் சைடரில் இருந்தது.

நார்மண்டியில் வேறொரு வித்தை. நொதிப்பதற்கு முன் சாற்றின் பெக்டினைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துக் கட்டியாக்கி, பழுப்புத் தொப்பியாக மேலே மிதக்கவிட்டு, இடையில் தெளிந்த சாற்றை மட்டும் எடுப்பார்கள். பெக்டினோடு நைட்ரஜனும் பெருமளவு போய்விடுவதால் ஈஸ்ட் பட்டினியில் மெல்ல ஊர்ந்து, இனிப்பு மீதமிருக்கும்போதே ஓய்ந்துவிடும். பனங்கள்ளாக வேண்டியதைக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக நிறுத்தும் நம்மூர்ப் பனையேறிக்கு இந்த மாதிரி வேலை புதிதாகத் தெரியாது. தெளிந்த கடைச் சாற்றில் இது நடக்காது; கட்டியாவதற்கு வேண்டிய பெக்டினை ஆலை ஏற்கெனவே எடுத்துவிட்டது.

ஆக வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வறண்டதும் குமிழி உள்ளதும் வேண்டுமா, அளந்து சர்க்கரை போட்டு அடைக்கலாம். இனிப்பானதும் குமிழி இல்லாததும் போதுமா, முழுதும் நொதித்துத் தெளிந்த பின் சார்பேட்டும் சல்ஃபைட்டும் சேர்த்து ஈஸ்டை அடக்கிவிட்டு, புதுச் சாறு ஊற்றி இனிப்பாக்கலாம். வாங்கும்போது தவிர்த்த சார்பேட் முடிவில் உதவிக்கு வருகிறது. இரண்டும் வேண்டுமென்றால் ஈஸ்ட் தொடாத எரித்ரிடால் போன்ற இனிப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது உருளையில் வாயு ஏற்றும் கருவி வாங்க வேண்டும். ஜைலிடாலும் இனிக்கும்; ஆனால் நாய்க்கு அது விஷம், நாய் வளர்க்கும் வீட்டில் வேண்டாம். நொதிக்கும் முன்பே கொஞ்சம் பேரிக்காய்ச் சாறு கலப்பது நேர்த்தியான உபாயம்: அதிலுள்ள சார்பிடால் நொதிக்காமல் தங்கி, செயற்கை வாடையில்லாத மெல்லிய இனிப்பைத் தருகிறது. அடைத்த புட்டிகளை வெந்நீரில் இட்டு ஈஸ்டைக் கொல்வோரும் உண்டு. அழுத்தம் ஏறிய கண்ணாடியைச் சூடாக்கும் துணிச்சலைப் பரிந்துரைக்க முடியாது. எந்த வழியாயினும் பிளாஸ்டிக் சோடாப் புட்டி ஒன்றையும் கூடவே நிரப்பி வைப்பது நல்லது. விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தெரியும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அடுத்த கேள்வி மெத்தனால் பற்றியதாகவே இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட தொழிற்சாலை மெத்தனால். பழச்சாற்றை நொதிக்க வைப்பதில் அப்படிப்பட்ட அளவு உண்டாவதில்லை. பெக்டினிலிருந்து சொற்ப மெத்தனால் வரும், ஒயினிலும் இருப்பதுதான். சைடரை உறையவைத்துப் பனிக்கட்டியை எடுத்துப் பலம் ஏற்றும் அமெரிக்க வழக்கத்தில் ஆல்கஹாலோடு மற்ற கழிவுகளும் சேர்ந்தே செறிவாகும் என்பதால், அதை விளையாட்டாகச் செய்யக் கூடாது. சைடரின் வரலாற்றில் உண்மையான விஷம் ஈயம். டெவன் பகுதியில் தலைமுறைகளாக மக்களை வாட்டிய வயிற்று வலிக்குச் சைடர் ஆலைகளில் பயன்பட்ட ஈயமே காரணம் என்று மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767இல் காட்டினார். சைடரின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடியும் உணவுத்தரப் பிளாஸ்டிக்கும் துருப்பிடிக்காத எஃகுமே வீட்டுக்குப் பாதுகாப்பானவை.

சட்டம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்தபோதும், வீட்டு உபயோகத்துக்கான போதையற்ற சைடருக்கும் பழச்சாற்றுக்கும் வோல்ஸ்டெட் சட்டம் விலக்கு அளித்தது. போதையற்றது எது என்பதை அது வசதியாகத் தெளிவுபடுத்தவில்லை. இன்று அங்கே இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிச் செய்யலாம், விற்கக் கூடாது, வடிக்கவும் கூடாது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருப்பதால், உரிமமின்றி வீட்டில் மது செய்வது குற்றம். கேரளத்தில் 2019 கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, தலைமுறைகளாக வீடுகளில் போடும் ஒயினும் உரிமமின்றிச் செய்தால் குற்றமே என்று அம்மாநிலக் கலால் துறை நினைவூட்டிச் சர்ச்சையைக் கிளப்பியது. சாறு எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கும். மூடியைத் திறந்து ஈஸ்ட் தூவும் உரிமை எல்லா ஊரிலும் கிடைக்காது.